தலைவரின் நாணயம்: சத்யம் கணக்கை வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது வருஷத்துக்கு மேல் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். புதிதாக டீம் லீட் ஆனவர்கள், குடியிருப்புச் சங்கத்தில் பொருளாளர் ஆனவர்கள், மகளிர் குழுவில் பொறுப்புக்கு வந்த அக்காக்கள் என்று பலர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். பொதுவாகப் பேசினால் வெறும் உபதேசமாகிவிடும், அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே வழக்கை எடுத்துக்கொண்டேன். ஹைதராபாத் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் வழக்கு அது. தலைமையில் நாணயம் எங்கே உடைகிறது, எப்படி உடைகிறது என்று இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறு வழக்கு நம் நாட்டில் எனக்குத் தெரிந்து இல்லை.

நேர்மை என்றால் திருடாமல் இருப்பதுதானே? அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?

நம் ஊரில் இதற்கு இரண்டு தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. ஒன்று கைசுத்தம், இன்னொன்று நாணயம். அடுத்தவர் காசைத் தொடாதவர் கைசுத்தமானவர். நாணயமானவர் என்று ஒருவரைச் சொன்னால் அவர் வாய்ச்சொல்லை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளலாம், கையில் இருக்கும் காசு மாதிரி அது எங்கேயும் செல்லும் என்று அர்த்தம்.

ஒருவர் கைசுத்தமாக இருந்துகொண்டே நாணயம் இல்லாதவராக இருக்க முடியும். ஒரு ரூபாய்கூடத் தொடாத மேனேஜர், பாதி முடிந்த வேலையை 90 சதவீதம் முடிந்துவிட்டது என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வீட்டுக்கு எதையும் எடுத்துப் போகவில்லை. ஆனால் அந்த 90-ஐ நம்பி ஒருவர் வாடிக்கையாளருக்குத் தேதி கொடுக்கிறார், இன்னொருவர் அடுத்த வேலைக்கு ஆள் எடுக்கிறார், வேறொருவர் இந்த மாதம் போனஸ் வரும் என்று வீட்டில் சொல்லிவிடுகிறார். சாதாரண ஆள் சொல்லும் பொய் அவரோடும் பக்கத்தில் இருப்பவரோடும் நின்றுவிடும். தலைவர் சொல்லும் எண்ணின் மேல் மற்றவர்கள் வீடு கட்டுகிறார்கள். அதனால்தான் தலைவர் விஷயத்தில் எனக்குக் கைசுத்தத்தைவிட நாணயம் பெரிதாகத் தெரிகிறது.

சத்யத்தில் என்னதான் நடந்தது? அப்போது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன்.

1987-இல் ராமலிங்க ராஜு தொடங்கிய சாஃப்ட்வேர் நிறுவனம் அது. 2008-இல் ஏறக்குறைய 53,000 பேர் வேலை பார்த்தார்கள், அமெரிக்காவில் நியூயார்க் பங்குச் சந்தையிலும் பட்டியலிடப்பட்டிருந்தது, சென்னையிலும் பெரிய அலுவலகம் இருந்தது. நம் பக்கத்துப் பையன்கள் எத்தனையோ பேர் அந்த அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். 2008 செப்டம்பரில் நல்ல நிர்வாகத்துக்கான கோல்டன் பீகாக் விருது அந்த நிறுவனத்துக்குக் கிடைத்தது.

நாலு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. 2009 ஜனவரி 7-ஆம் தேதி ராஜு தன் இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் ரொக்கமும் பேங்க் இருப்புமாக 5,361 கோடி ரூபாய் காட்டியிருக்கிறோம், அதில் 5,040 கோடி கிடையவே கிடையாது என்றார். அந்த இல்லாத பணத்துக்கு வந்ததாகக் காட்டிய 376 கோடி வட்டியும் கிடையாது. 1,230 கோடி கடன் கணக்கில் ஏறவில்லை. வரவேண்டிய பாக்கியில் 490 கோடி அதிகமாகக் காட்டப்பட்டிருந்தது. அதற்கு முந்தைய செப்டம்பர் காலாண்டில் வருமானம் 2,700 கோடி, செயல்பாட்டு லாபம் 649 கோடி என்று வெளியே சொல்லியிருந்தார்கள். உண்மையில் வருமானம் 2,112 கோடி, லாபம் 61 கோடி. அதாவது 24 சதவீதம் என்று சொன்ன லாப விகிதம் நிஜத்தில் 3 சதவீதம்.

அன்று ஒரே நாளில் ஷேர் விலை முக்கால் பங்குக்கும் மேல் விழுந்தது. சேமிப்பை அதில் போட்டிருந்த சாதாரணக் குடும்பங்கள் எத்தனையோ. ராஜு கைதானார், வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போனது. 2015 ஏப்ரல் 9-ஆம் தேதி ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் அவரையும் சேர்த்துப் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்து ஏழு வருஷம் சிறைத்தண்டனை கொடுத்தது. அடுத்த மாதமே மேல்முறையீட்டில் தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீனும் கொடுத்தார்கள்.

ஐயாயிரம் கோடி ரூபாய்ப் பொய்யை ஒருவர் எப்படித் துணிந்து சொல்கிறார்?

யாரும் ஐயாயிரம் கோடிப் பொய்யைச் சொல்வதில்லை. சின்னதாகத்தான் ஒன்றைச் சொல்கிறார்கள். உண்மை லாபத்துக்கும் கணக்கில் காட்டிய லாபத்துக்கும் நடுவே இருந்த சிறிய இடைவெளியாகத்தான் இது தொடங்கியது, வருஷா வருஷம் வளர்ந்துகொண்டே போனது என்று ராஜுவே அந்தக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். எனக்கு அந்தக் கடிதம் முழுவதிலும் அதிகம் உறைத்த வரி அதுதான்.

எப்படி வளரும் என்று ஒரு மளிகைக்கடைக் கணக்காக யோசித்துப் பாருங்கள். ஜனவரியில் கடைக்கு லாபம் 90,000. கணக்குப்பிள்ளை முதலாளியிடம் ஒரு லட்சம் என்கிறார், வெறும் பத்தாயிரம்தானே, அடுத்த மாதம் சரிக்கட்டிவிடலாம் என்று. பிப்ரவரியில் உண்மை லாபம் 92,000. ஆனால் போன மாதமே ஒரு லட்சம் பார்த்த முதலாளி இந்த மாதம் 1,10,000 எதிர்பார்க்கிறார். அவர் எதிர்பார்த்ததையே சொன்னால் இந்த மாதப் பொய் 18,000, பழையதோடு சேர்த்து 28,000. மார்ச்சில் எதிர்பார்ப்பு 1,20,000, உண்மை அதே 92,000. மூன்றே மாதத்தில் இல்லாத பணம் 56,000 ஆகிவிட்டது, இத்தனைக்கும் கடை நன்றாகத்தான் ஓடுகிறது. அப்புறம் ஒரு நாள் முதலாளி, அந்தப் பணத்தையெல்லாம் பேங்கில்தானே போட்டிருக்கிறாய், வட்டி எவ்வளவு வந்தது என்று கேட்பார். இல்லாத பணத்துக்கு வட்டியும் எழுதியாக வேண்டும். சத்யத்தின் 376 கோடி அப்படி வந்த வட்டிதான்.

புலி மேல் சவாரி செய்வது போல் இருந்தது, அதன் வாயில் விழாமல் எப்படி இறங்குவது என்று தெரியவில்லை என்று ராஜு எழுதினார். நம் ஊரில் புலிவாலைப் பிடித்த கதை என்போம். முதல் காலாண்டில் அது புலியாக இல்லை என்பதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு வாலை விட்டிருந்தால் ஒரு மோசமான போர்டு மீட்டிங்கோடு, கொஞ்சம் ஷேர் விலைச் சரிவோடு முடிந்திருக்கும்.

இன்னொன்றும் என் மனதை விட்டுப் போகவில்லை. உண்மையான எண்ணே வெட்கப்படும்படியானது கிடையாது. மூன்று மாதத்தில் 2,112 கோடி வருமானம் ஈட்டும் நிறுவனத்தை, உண்மையான வாடிக்கையாளர்கள் இருக்கும் நிறுவனத்தை, ஒரு தலைமுறைக்குள் கட்டி எழுப்பியது பெரிய சாதனை. லாபம் குறைந்துபோன நிறுவனம் என்று பெயர் வாங்கியிருக்கலாம், அதைச் சரிசெய்ய வழிகளும் இருந்திருக்கும்.

ராமலிங்க ராஜு கெட்டவரா? 108 ஆம்புலன்ஸைத் தொடங்கியதே அவர்தானே?

ஆமாம். 2005-இல் ஆந்திராவில் 108 அவசர ஆம்புலன்ஸ் சேவையைத் தொடங்கியது அவர் உருவாக்கிய அமைப்புதான். அது 2008-இல் தமிழ்நாட்டுக்கும் வந்தது. இன்று நம் ஊரில் விபத்து என்றால் கை தானாக 108-ஐ அழுத்துகிறதே, அதன் தொடக்கம் அங்கேதான். அவர் குடும்ப அறக்கட்டளை கிராமங்களில் வேலை செய்தது. அதெல்லாம் நடிப்பு என்று சொல்லிவிட என்னால் முடியாது. அந்த வண்டியில் போய்ப் பிழைத்தவர்களின் உயிர் நிஜம்.

இந்தக் கேள்வியை வேகமாகத் தாண்டிப் போகிறவர்கள்தான் பின்னால் மாட்டிக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். நாணயம் தவறுகிறவர்கள் பார்த்தவுடனே தெரியும் வில்லன்களாக இருப்பார்கள் என்று நம்பிவிட்டால், நம்மை நாமே ஒருபோதும் சந்தேகிக்க மாட்டோம். நான் நல்லவன், கோயிலுக்கு நன்கொடை கொடுக்கிறேன், டீமில் ஒருவனுக்கு உடம்பு சரியில்லை என்றால் முதல் ஆளாக ஆஸ்பத்திரியில் நிற்கிறேன், அப்படிப்பட்ட நான் இந்த ஒரு எண்ணை மாற்றினால் அது டீமின் நன்மைக்குத்தானே என்று மனசு பேசும். ஒருவர் செய்த நல்லது ஒரு கணக்கு, அவர் சொன்ன எண் வேறு கணக்கு. ஒன்றிலிருந்து எடுத்து மற்றொன்றில் வரவு வைக்க முடியாது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தானோ தன் தம்பியோ இதில் ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை என்று ராஜு கடிதத்தில் எழுதியிருந்தார். பிறகு பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி விசாரித்து, பொய்க் கணக்கால் ஏறிய விலையில் ஷேர்களை விற்றதாலும் அடகு வைத்ததாலும் அவர்கள் தரப்பு ஆதாயம் அடைந்தது என்று முடிவுசெய்து, 2014-இல் 1,849 கோடியை வட்டியோடு திருப்பிக் கட்ட உத்தரவிட்டது. அந்த வழக்கு மேல்முறையீடுகளில் பல வருஷம் இழுத்தது.

போர்டில் அவ்வளவு பெரிய ஆட்கள் இருந்தார்களே, ஒருவருமே கேட்கவில்லையா?

ஹார்வர்டு பேராசிரியர் ஒருவர் இருந்தார், நாட்டின் பெயர்பெற்ற நிர்வாகக் கல்லூரி ஒன்றின் தலைவர் இருந்தார். 2008 டிசம்பர் 16-ஆம் தேதி அந்தக் குழு கூடி, ராஜு குடும்பத்தின் பிடியில் இருந்த மேடாஸ் பிராப்பர்ட்டீஸ், மேடாஸ் இன்ஃப்ரா என்ற இரண்டு நிறுவனங்களை 160 கோடி டாலருக்கு வாங்க ஒப்புதல் கொடுத்தது. சத்யம் என்ற ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் வரும் பெயர்தான் மேடாஸ். சாஃப்ட்வேர் நிறுவனம் எதற்குத் தலைவர் வீட்டு நிலத் தொழிலை இவ்வளவு பணம் கொடுத்து வாங்க வேண்டும்? உள்ளே ஒன்றிரண்டு கேள்வி எழுந்தும் முடிவு மாறவில்லை. வெளியே முதலீட்டாளர்கள் கொதித்துப்போனார்கள், ஒரு நாள்கூடத் தாங்காமல் திட்டம் வாபஸ் ஆனது. இல்லாத பணத்தின் இடத்தில் நிஜமாகவே இருக்கும் நிலத்தைக் கொண்டுவந்து வைக்கும் கடைசி முயற்சி அது என்று ராஜு பிறகு ஒப்புக்கொண்டார்.

அதே டிசம்பரில் பெயர் மறைத்து ஒரு மின்னஞ்சல், கணக்கில் மோசடி இருக்கிறது என்று ஒரு சுயாதீன இயக்குநருக்கு, அதாவது நிறுவனத்தோடு சொந்தத் தொடர்பில்லாமல் குழுவில் உட்காரும் வெளியாளுக்குப் போனது. உள்ளே யாருக்கோ தெரிந்திருக்கிறது. ஆனால் சொந்தப் பெயரில் எழுந்து நின்று சொல்லும் இடமாக அந்த நிறுவனம் இல்லை.

படித்தவர்கள், அனுபவசாலிகள் சுற்றி உட்கார்ந்திருப்பது வேறு, இடித்துச் சொல்லும் ஆள் இருப்பது வேறு. உங்கள் சங்கத்திலோ டீமிலோ நீங்கள் சொன்னதைக் கடைசியாக யார் மறுத்துப் பேசினார்கள், அப்படிப் பேசியவர் இன்னும் அந்த இடத்தில் இருக்கிறாரா என்று நினைத்துப் பாருங்கள்.

ஆடிட்டர் பேங்கில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்குமே?

தெரிந்திருக்கும். கணக்குக்காரனான எனக்கு இந்த இடத்தில்தான் இன்னும் வயிறு எரிகிறது. ஒரு நிறுவனம் பேங்கில் இவ்வளவு பணம் வைத்திருக்கிறேன் என்றால், ஆடிட்டர் தானே பேங்குக்கு நேராக எழுதிக் கேட்டு, பதிலைத் தானே நேராக வாங்க வேண்டும். அரிச்சுவடிப் பாடம் இது. சத்யம் விஷயத்தில் அந்த உறுதிக் கடிதங்களை அனுப்புவதும் வாங்குவதும் நிறுவனத்தின் கைக்கே போய்விட்டது என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2011-இல் சொல்லி, சத்யத்தின் கணக்கைத் தணிக்கை செய்த பிரைஸ் வாட்டர்ஹவுஸின் இந்திய நிறுவனங்களுக்கு அபராதம் போட்டது. ஃபிக்சட் டெபாசிட் ரசீதுகள் போலி, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட இன்வாய்ஸ்கள் போலி. பணத்தை வைத்திருக்கும் ஆளே பணம் இருப்பதற்கான சீட்டையும் கொண்டுவந்து நீட்டினால் அது எப்படிச் சாட்சியாகும்?

இதை அப்படியே உங்கள் தெருவுக்குக் கொண்டுவாருங்கள். மகளிர் குழுவில் ஊக்குநர் ரொக்கப் புத்தகத்தில் எழுதி வாசிக்கிறார், எல்லோரும் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். பாஸ்புக் என்ட்ரி போட்டு எத்தனை மாதம் ஆகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. குடியிருப்புச் சங்கத்தில் பொருளாளர் ஒரு எக்செல் தாளை வாட்ஸ்அப்பில் போடுகிறார், பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் போடுவதில்லை. கேட்டால் என்னை நம்பவில்லையா என்று முகம் வாடும் என்று பயந்து மற்றவர்களும் கேட்பதில்லை.

நீங்கள் பொறுப்பில் இருந்தால் அந்தச் சங்கடத்தை மற்றவர்களுக்கு வைக்காதீர்கள். யாரும் கேட்பதற்கு முன்னால் நீங்களே பாஸ்புக்கை நடுவில் வையுங்கள், மாதம் ஒருவராக வேறு வேறு ஆளை பேங்குக்கு அனுப்பி என்ட்ரி போட்டு வரச் சொல்லுங்கள். அது உங்கள் மேல் சந்தேகம் ஆகாது, உங்களுக்கே பாதுகாப்பு. நாளைக்கு ஒரு பேச்சு கிளம்பினால் உங்களுக்காகப் பேச அந்த நாலு பேர் இருப்பார்கள்.

மேலே இருப்பவர் சொன்னதைத்தான் செய்தேன். என் மேல் என்ன தப்பு?

சத்யம் வழக்கில் தண்டனை வாங்கிய அந்தப் பத்துப் பேர் யார் என்று பாருங்கள். ராஜு, அவருடைய இரண்டு தம்பிகள், நிதித் தலைமை அதிகாரி, இரண்டு ஆடிட்டர்கள், உள்தணிக்கைத் தலைவர், அப்புறம் நிதிப் பிரிவில் வேலை பார்த்த மூன்று பேர். அந்த மூவரில் யார் பெயரும் அதற்கு முன்னால் வெளியே யாருக்கும் தெரிந்திருக்காது. மேலிருந்து வந்த வேலையைச் செய்துமுடித்தவர்களும் அதே தீர்ப்பில் அதே ஏழு வருஷம் வாங்கினார்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருஷம், ஒரு தனியார் நிறுவனம். மார்ச் 30-ஆம் தேதி சாயங்காலம் மேனேஜர் வந்து, குடோனில் பேக் ஆகி நிற்கும் சரக்குக்கு இன்றைய தேதியில் பில் போட்டுவிடு, லாரி நாலு நாள் கழித்துப் போகும், இந்த வருஷக் கணக்கில் வந்துவிடட்டும் என்றார். போட்டேன். ஆடிட்டர் லாரி ரசீது கேட்டபோது தேதி தெளிவில்லாத ஒரு நகலை எடுத்து நீட்டினேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை, சரக்கும் போய்ச் சேர்ந்தது, பணமும் வந்தது. ஆனால் அடுத்த மார்ச்சில் அப்படி மூன்று பில், அதற்கடுத்த மார்ச்சில் ஒன்பது. மூன்றாவது தடவை மேனேஜர் என்னிடம் வந்து சொல்லக்கூட இல்லை, எந்தெந்தப் பில் என்று நானே எடுத்து வைத்திருந்தேன். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. இரண்டு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டேன். போவதற்கு முன்னால் எழுத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அது உறுத்துகிறது.

உங்களிடம் இப்படி ஒரு வேலை வந்தால், முதலில் எழுத்தில் கேளுங்கள். சண்டை போட வேண்டாம், "சார், இந்தத் தேதியில் போடச் சொன்னீர்கள், சரக்கு இன்னும் கிளம்பவில்லை, போடட்டுமா என்று உறுதிசெய்யுங்கள்" என்று ஒரு மெயில் போதும். பாதிக்கு மேற்பட்ட தப்பான உத்தரவுகள் எழுத்துக்கு வராது, அங்கேயே நின்றுவிடும். இது என் அனுபவம்.

நேர்மையாக இருந்தால் டார்கெட் முடியாது, அப்ரைசலில் அடி விழும். அதற்கு என்ன பதில்?

அடி விழலாம். நேர்மையாக இருப்பவன் கடைசியில் ஜெயித்தே தீருவான் என்று நான் சொல்ல மாட்டேன், அப்படி ஜெயிக்காத நல்ல மனிதர்களை எனக்கு நேரில் தெரியும். பதவி உயர்வு தள்ளிப்போகும், நம்மைவிட ஜூனியர் மேலே போவான், வீட்டில் கேள்வி வரும். இதையெல்லாம் கணக்கில் வைத்துக்கொண்டுதான் முடிவெடுக்க வேண்டும்.

ஆனால் கணக்கை ஒரு பக்கம் மட்டும் போடாதீர்கள். டார்கெட்டில் 15 குறைகிறது என்று இந்த மாதம் சொன்னால் ஒரு கசப்பான மீட்டிங், அவ்வளவுதான். சொல்லாமல் நிரப்பினால் அடுத்த மாத டார்கெட் அந்தப் பொய்யின் மேல் நிற்கும். அதைத் துரத்தி ஓடப்போவது உங்கள் டீம். ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து அந்தப் பையன்களும் பெண்களும் எட்ட முயல்வது யாரும் எப்போதும் எட்டாத ஒரு எண்ணை, அதுவும் நீங்கள் எழுதிய எண்ணை. மற்ற எல்லா நியாயத்தையும்விட எனக்கு இதுதான் கனமாகத் தெரிகிறது.

தன் தப்பே இல்லாத விஷயத்துக்கும் தலைவர் பொறுப்பேற்க வேண்டுமா?

1956 நவம்பர் 23-ஆம் தேதி அதிகாலை, கடும் மழை. அரியலூர் பக்கத்தில் மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. சில மாதங்களுக்கு முன்பு மகபூப்நகர் விபத்தின்போதே அவர் ராஜினாமாவைக் கொடுத்து நேரு ஏற்க மறுத்திருந்தார். இந்த முறை சாஸ்திரி விடவில்லை, நேரு ராஜினாமாவை ஏற்றுக்கொண்டார். விபத்துக்கு சாஸ்திரி காரணம் என்பதால் இதை ஏற்கவில்லை, பொறுப்பில் இருப்பவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இது முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்ற பொருளில் நேரு நாடாளுமன்றத்தில் பேசினார்.

பாலத்தைக் கட்டியதும் சாஸ்திரி இல்லை, மழையும் அவர் கையில் இல்லை. ஆனாலும் அந்த ரயிலில் ஏறியவர்கள் ரயில்வே என்ற பெயரை நம்பித்தான் ஏறினார்கள், அந்தப் பெயருக்கு அன்றைக்குத் தலைவர் அவர். மறு வருஷத் தேர்தலுக்குப் பிறகு அவர் மீண்டும் அமைச்சரானார், 1964-இல் பிரதமரும் ஆனார் என்பது வேறு கதை.

எல்லாத் தவறுக்கும் ராஜினாமாதான் வழி என்று எனக்குத் தோன்றவில்லை. பல நேரம் இருந்து சரிசெய்வதுதான் கஷ்டமான வேலை, விட்டுப் போவது சுலபம். நான் டீம் லீடுகளிடம் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: வாடிக்கையாளர் முன்னால் டீமில் யாரோ ஒருவர் செய்த தப்பு வெளியே வரும்போது, அந்த ஆளின் பெயரைச் சொல்லாமல் "நாங்கள் தவறவிட்டோம், நான்தான் பார்த்திருக்க வேண்டும்" என்று சொல்லுங்கள். உள்ளே வந்து தனியாக எவ்வளவு வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம்.

என் டீமில் உண்மை என் காதுக்கு வருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கடந்த ஒரு மாதத்தில் நீங்கள் கேட்காமலே யாராவது ஒரு கெட்ட செய்தியோடு உங்களிடம் வந்தார்களா? வரவில்லை என்றால் கெட்ட செய்தியே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், வழி எங்கேயோ அடைத்திருக்கிறது.

பெரும்பாலும் அடைப்பது நம் முகம்தான். ஒருத்தி வந்து, அண்ணா, டெலிவரி இரண்டு நாள் தள்ளிப்போகும் போலிருக்கிறது என்கிறாள். நம் வாயில் முதலில் வரும் வார்த்தை, "இப்ப வந்து சொல்றே?" அதோடு முடிந்தது, அடுத்த தடவை அவள் வர மாட்டாள், பக்கத்து சீட்டில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தவனும் வர மாட்டான். "சொன்னது நல்லதாப் போச்சு, எங்கே நிக்குது?" என்று கேட்டுப் பழகுங்கள். யாரால் தாமதம் என்ற கேள்வியை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எனக்கே இதைப் பழக மூன்று நாலு வருஷம் ஆனது, கோபம் வந்துவிடும்.

சட்டத்தைக் கடுமையாக்கினால் போதாதா?

ஆக்கினார்கள். 2013-ஆம் வருஷக் கம்பெனிச் சட்டத்தில் சத்யத்தின் நிழல் நன்றாகத் தெரியும். பெரிய நிறுவனங்கள் குறிப்பிட்ட வருஷங்களுக்கு ஒருமுறை ஆடிட்டரை மாற்ற வேண்டும், சுயாதீன இயக்குநர்களுக்குக் கடமைகள் எழுதப்பட்டன, முறைகேட்டை உள்ளிருந்து சொல்ல வழி வைக்க வேண்டும் என்று வந்தது. எல்லாம் தேவைதான். ஆனால் அந்த முதல் காலாண்டில் முதல் எண்ணை மாற்ற நினைக்கும் நிமிடத்தில் அறைக்குள் சட்டம் இருப்பதில்லை, ஒன்றிரண்டு மனிதர்கள்தான் இருக்கிறார்கள்.

அந்த 53,000 பேர் என்ன ஆனார்கள்?

இதைக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும். நிறுவனம் மூழ்கவில்லை. மத்திய அரசு பழைய இயக்குநர் குழுவைக் கலைத்துப் புதிய ஆட்களை நியமித்தது. தீபக் பரேக், கிரண் கார்னிக், அப்புறம் நம் சென்னையைச் சேர்ந்த ஆடிட்டர் டி. என். மனோகரன் உட்பட ஆறு பேர். உள்ளே போனபோது எந்த எண்ணை நம்புவது என்றே தெரியாத நிலை. சம்பளத்துக்கும் அன்றாடச் செலவுக்கும் பணம் திரட்ட வேண்டும், போக நினைக்கும் வாடிக்கையாளர்களைப் பிடித்து நிறுத்த வேண்டும், நிறுவனத்தை வாங்க ஆள் தேட வேண்டும். 2009 ஏப்ரலில் டெக் மஹிந்திரா ஏலத்தில் எடுத்தது, 2013-இல் இரண்டும் ஒன்றாயின. மனோகரனுக்கு 2010-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

அது பிழைத்ததற்குக் காரணம், கீழே நடந்த வேலை நிஜம். கணக்குத்தான் பொய், கோட் எழுதியவர்களும் ராத்திரி ஷிப்டில் வாடிக்கையாளரின் போனை எடுத்தவர்களும் பொய் இல்லை. இருந்தாலும் பின்னால் வேலை இழந்தவர்கள் உண்டு. அந்த வருஷம் நேர்காணலுக்குப் போனால், சத்யமா என்று ஒரு மாதிரி பார்த்தார்கள் என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. கல்யாணப் பேச்சு தள்ளிப்போன வீடும் எனக்குத் தெரியும். அந்த ஐயாயிரம் கோடியில் அவர்கள் யாருக்கும் ஒரு பைசா சம்பந்தம் கிடையாது.

நானே ஏற்கெனவே ஒரு எண்ணை மாற்றிச் சொல்லிவிட்டேன். இப்போது என்ன செய்வது?

இந்தக் கேள்வியை யாரும் எல்லோர் முன்னாலும் கேட்பதில்லை, எல்லோரும் போனபிறகு தனியாக வந்து கேட்பார்கள். கேட்க வந்ததே பெரிய விஷயம்.

இன்றைக்கு அந்த எண் எவ்வளவு இருக்கிறதோ, அதைவிடச் சின்னதாக அது இனி ஆகாது. அடுத்த மாதம் சரிக்கட்டிவிட்டு அப்புறம் சொல்லலாம் என்ற நினைப்பை மட்டும் முதலில் விடுங்கள். ஒரு தாளை எடுத்து, சொன்னது எவ்வளவு, உண்மை எவ்வளவு, எந்தத் தேதியில் இருந்து என்று மூன்று வரி எழுதுங்கள். ஏன் செய்தேன் என்பதை அதில் எழுதாதீர்கள், கேட்டால் சொல்லலாம். அந்த எண்ணை நம்பி முடிவெடுத்தவர் யாரோ அவரிடம் போங்கள், மெயிலில் அனுப்பிவிட்டு ஒளிந்துகொள்ளாமல் நேரில் போங்கள். சங்கத்துப் பணம் என்றால் குறைகிற தொகையில் கையில் இருப்பதை எடுத்துக்கொண்டே போங்கள், மீதியை எந்தெந்த மாதம் கட்டுவீர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். விஷயம் பெரிது, வழக்கு வரை போகும் என்று தோன்றினால் முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள். அதற்காக நாள் கடத்தாதீர்கள்.

பொறுப்பு பறிபோகலாம். திட்டு விழும், நிச்சயம் விழும். என்னிடம் வந்து கேட்டவர்களில் ஒரு சங்கப் பொருளாளர், 40,000 ரூபாயைத் தங்கை கல்யாணத்துக்கு எடுத்துவிட்டு ஏழு மாதம் மறைத்தவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக் கூட்டத்தில் எழுந்து சொன்னார். பதவியை அன்றே எடுத்துவிட்டார்கள். பணத்தைப் பத்து மாதத் தவணையில் கட்டினார். கடைசித் தவணை கட்டிய அன்று, ரசீது எழுதிக் கொடுத்த புதிய பொருளாளர் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பி, கூட்டல் சரியா என்று ஒருமுறை பார்த்துத் தரச் சொன்னாராம்.